நாற்பது செகண்டின் நீலக் கோட்டு

ஒரு பிச்சைக்காரனை நாற்பது செகண்டில் ராஜாவாக்க முடியுமா? முடியும். அந்த அம்மாள் பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அதுவும் கும்மிருட்டில், வாயில் மூன்று குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு.

நாடக அரங்கின் ஓரத்தில், திரை மறைவில், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத ஓர் இடம். கந்தலைக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து ஓடி வருவான் நடிகன். சர்ரென்று ஒரு சத்தம். கந்தல் தரையில். அடுத்த மூச்சில் அங்கி, கிரீடம், வாள். முதுகில் ஒரு தட்டு, "போங்க!" என்று ஒரு சொல். ராஜா மறுபடி மேடையில் இருப்பார். ஒருமுறை பல்பு மாட்ட வந்த மின்சாரக்காரர் ஒருவர் வழி தவறி அந்த இருட்டுக்குள் நுழைந்துவிட, அவருக்கும் சேனாதிபதி உடையை மாட்டி மேடைக்குத் தள்ளிவிட்டாள் என்றும், அன்றைக்கு அதிகமாகக் கைதட்டல் வாங்கியது அவர்தான் என்றும் அரங்கத்தில் இன்றும் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வார்களாக இருக்கும். ஆனால் ரொம்பக் கூட்டியிருக்க மாட்டார்கள்.

அரங்கத்தில் அவளுக்குப் பெயர் நாற்பது செகண்ட். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

மேடை உடையில் ஒரு சூட்சுமம் உண்டு. முன்னால் பளபளக்கும் பொத்தான்கள் எல்லாம் வெறும் காட்சிக்கு. உண்மையான வாசல் முதுகில் இருக்கும். கழுத்திலிருந்து இடுப்பு வரை தையலே கிடையாது, அழுத்தினால் ஒட்டி இழுத்தால் பிரிகிற, சின்னப் பற்கள் வைத்த வெல்க்ரோ பட்டைதான். கைகளுக்கு அடியிலும் அதே பட்டை. ஒரு இழுப்பில் மொத்த உடையும் கழன்று கையோடு வந்துவிடும். பத்தொன்பது வருஷத்தில் நாற்பது செகண்ட் ஒட்டிய பட்டையை எல்லாம் நீளவாக்கில் விரித்தால் ஊரை இரண்டு சுற்று சுற்றி, மிச்சத்தில் ஒரு முடிச்சும் போடலாம்.

இவ்வளவு பேருக்கு உடுத்திவிட்டவள், தனக்கென்று உடுத்தியது கறுப்புச் சட்டை மட்டும். இருட்டில் வேலை செய்கிறவள் ஜனங்கள் கண்ணில் படக் கூடாது, அது தொழில் விதி. பதினொரு சட்டைகள், பதினொன்றும் கறுப்பு. வீட்டில் அவளுடைய அலமாரியைத் திறந்தால் கரண்ட் போனது மாதிரி இருக்கும்.

அவளுடைய கணவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். தெருவில் பிரேக் வாத்தியார் என்றால்தான் தெரியும். பயிற்சிக் காரில் வாத்தியார் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டல்லவா? இருபது வருஷமாக அதை மிதித்து மிதித்து, எங்கே பயம் வந்தாலும் அவர் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும். பல் டாக்டர் நாற்காலியில் மிதிப்பார். சினிமாவில் வில்லன் வந்தால் மிதிப்பார். முன் வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் கால் ஓய்வில்லாமல் மிதித்த வாரம்தான் இது.

ஒரு பெருமழையில் நாடக அரங்கின் கூரை பாதி இறங்கிவிட்டது. நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை. சரிசெய்ய இரண்டு வருஷம் ஆகும் என்றார்கள். அதுவரை நாற்பது செகண்டுக்கு வேலை இல்லை. செய்தி தன் காதுக்கு எட்டிய மறுநாளே வந்து இறங்கினாள் பிரேக் வாத்தியாரின் அக்கா. ஊரிலேயே பெரிய திரைச்சீலைக் கடை அவளுடையது. கையோடு, கடை ஆட்கள் உடைக்கு மேல் கட்டிக்கொள்ளும் முன்கச்சை ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதன் மார்பில் சிவப்பு நூலில் "உதவியாள்" என்று தைத்திருந்தது.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. ஜன்னல் அளவு எடுக்கறதுதான் வேலை. ஜன்னலுக்கு நடிக்கத் தெரியாது, அதனால உனக்குச் சிரமம் இருக்காது."

"வியாழக்கிழமை ஆஸ்பத்திரில ஒரு இன்டர்வியூ இருக்குங்க அண்ணி" என்றாள் நாற்பது செகண்ட், அண்ணியின் தோள்பட்டைத் தையலைப் பார்த்தபடி.

அவள் யாரையும் முகம் பார்த்துப் பேச மாட்டாள். பொத்தானைப் பார்ப்பாள், காலரைப் பார்ப்பாள், பிரிந்த ஓரத்தைப் பார்ப்பாள். அவளுக்கு மனிதர்கள் கழுத்துக்குக் கீழேதான் ஆரம்பிப்பார்கள்.

"ஆஸ்பத்திரியிலா? அங்க என்ன, டாக்டருக்கு ராஜா வேஷமா?"

ஏழு மாடி, தொள்ளாயிரம் படுக்கை. அந்த ஆஸ்பத்திரியின் துணிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேண்டுமாம். நர்சுகளின் சீருடை, நோயாளிகளின் உடுப்பு, விரிப்பு, திரை எல்லாம் அந்தப் பிரிவில்தான். விளம்பரத்தை வெட்டி பிரிட்ஜ் கதவில் ஒட்டியவர் பிரேக் வாத்தியார்.

"சரி, போகட்டும்" என்றாள் அக்கா. "ஆனா எதைப் போட்டுட்டுப் போவா? அந்தக் கறுப்புச் சட்டையையா? இன்டர்வியூ எடுக்கறவங்க நாற்காலி காலியா இருக்குன்னு அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. என் கோட்டைத் தரேன்."

தந்தாள். குங்கும நிறம், ஓரமெல்லாம் தங்கக் குஞ்சம். நாற்பது செகண்ட் அதைப் போட்டுக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றாள். இழுத்து மூடக் கயிறு எங்கே என்று பிரேக் வாத்தியாரின் கண்கள் தேடின. தம்பியின் முகத்தைப் பார்த்த அக்கா, "அப்படிச் சிரிக்காதடா, கடையில பாதிப் பேர் இதைப் பார்த்துத்தான் துணி எடுக்கறாங்க" என்றாள். அது உண்மையாகவே இருக்கும்.

அக்கா போன பிறகு நாற்பது செகண்ட் சொன்னாள். "நானே தைக்கிறேங்க. எனக்குன்னு ஒண்ணு."

பத்தொன்பது வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் பொருள் அது. பிரேக் வாத்தியார் உடனே கார் சாவியை எடுத்தார். அன்றைக்கே போய், கடைக்காரர் ஏணி போட்டு எடுத்த கடைசித் துணிச்சுருள் வரை பிரித்துப் பார்த்து, நீலத் துணி வாங்கி வந்தார்கள். மழைக்கு முன்னால் வானம் ஒரு நிமிஷம் காட்டுமே ஒரு நீலம், அது.

செவ்வாய் புதன் இரண்டு நாளும் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு இல்லை, கோட்டுதான். முன்பக்கத்தை அவள் தைத்த அழகைச் சொல்லி மாளாது. காலரை நான்கு முறை பிரித்து ஐந்தாவது முறை திருப்திப்பட்டாள். ஐந்து பொத்தான் துளைகள். ஒவ்வொன்றையும் கையாலேயே கட்டினாள். ஒவ்வொரு துளையும் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட வாய் போல அவ்வளவு நறுவிசு. பை மூடியை இஸ்திரிப்பெட்டியால் அழுத்திவிட்டு, அதைக் குழந்தையின் கன்னத்தைப் போல ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

பின்பக்கமும் கைப்பகுதியும் மிச்சம் இருந்தபோது, வாத்தியாருக்கு வாத்தியார் புத்தி வந்துவிட்டது.

"சும்மா தச்சுட்டே இருந்தா ஆச்சா? கேள்வி கேட்பாங்க. நான் கேக்கறேன், நீ பதில் சொல்லு."

எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, குரலை மாற்றிக்கொண்டார்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்கம்மா."

"என்னைப் பத்தியா? உங்களுக்குத் தெரியாததா என்ன?"

"நான் இப்ப உன் புருஷன் இல்ல. ஆஸ்பத்திரி அதிகாரி."

"அதிகாரி சட்டையில ரெண்டாவது பொத்தான் தொங்குது."

"அது இருக்கட்டும். உங்க பலவீனம் என்ன?"

"வாயில ஊசி இருக்கறப்போ பேச முடியாதுங்க."

"ஐந்து வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

"இதே கேள்வியைக் கேட்டுட்டு நீங்க எதிர்ல உக்காந்திருந்தா, பக்கத்து வீட்டுல இருப்பேன்."

இப்படியே நாற்பது கேள்வி. கேள்விக்குப் பதில் தேடி அவள் மனசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. கை மட்டும் மேஜையிலேயே இருந்து வேலை செய்தது. முன்பக்கத்தை அவள் தைத்தாள், பின்பக்கத்தை அவள் கை தைத்தது என்று சொன்னால் சரியாக இருக்கும். அந்தக் கைக்குத் தெரிந்த பின்பக்கம் ஒரே ஒரு விதம்தான். அதுவாகவே தையல்பெட்டிக்குள் போயிற்று, அதுவாகவே ஒரு பட்டைச் சுருளை எடுத்தது, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒட்டித் தைத்தது, கைகளுக்கு அடியிலும் ஒட்டித் தைத்தது. அழுத்தி ஒரு தடவு. முடிந்தது. நாற்பது செகண்டும் கவனிக்கவில்லை, பிரேக் வாத்தியாரும் கவனிக்கவில்லை. அவர் முப்பத்தெட்டாவது கேள்வியில் இருந்தார்.

வியாழன் காலை. உள் அறைக் கதவு திறந்தது. கையில் ஒரு காலணியை வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த பிரேக் வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார்.

பழக்கத்தில் உள்ளே கறுப்புச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். அதன் மேல் அந்த நீலம். ஐந்து பொத்தானும் வரிசையாக. தோள் இருக்க வேண்டிய இடத்தில் தோள், இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பு. இத்தனை வருஷமாக இந்த வீட்டில் ஒரு நிழல் நடமாடிக்கொண்டிருந்ததாகவும், இன்றைக்குத்தான் அந்த நிழலுக்குச் சொந்தக்காரி வெளியே வந்ததாகவும் அவருக்குத் தோன்றியது.

"ஏங்க எழுந்து நிக்கிறீங்க?"

"தெரியல. கால் தானா எழுந்திருச்சு."

"நல்லா இருக்கா?"

"நல்லாவா? உன்னைப் பார்த்தா நானே மறுபடி பொண்ணு கேக்க வரணும்போல இருக்கு. ஆனா உங்க வீட்டுல இந்தத் தடவை எனக்குத் தர மாட்டாங்க."

அவள் வெட்கப்பட்டு அவருடைய இரண்டாவது பொத்தானைப் பார்த்தாள். அது இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

பயிற்சிக் காரிலேயே புறப்பட்டார்கள். கூரையில் 'கற்றுக்கொள்பவர், விலகிச் செல்லவும்' என்று பலகை. அதைப் பார்த்து லாரி முதல் சைக்கிள் வரை ஒதுங்கிக்கொண்டதில், மந்திரி போவது போல வழி நெடுகத் தெரு காலி.

ஆஸ்பத்திரியின் ஏழாவது மாடியில் ஒரு நீண்ட நடைவழி. கண்ணாடிச் சுவர் வைத்த அறை. அறையில் ஏசி பழுதாம், அதனால் கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு சிவப்புத் தீயணைப்பு உருளையை முட்டுக்கொடுத்திருந்தார்கள். வெளி பெஞ்சில் உட்கார்ந்தால் உள்ளே இருப்பவர்கள் தெரிவார்கள், பேசுவதும் கேட்கும். முன்னதாகவே ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்திருந்தான். அவனும் இதே வேலைக்குத்தான். தலைமுடியிலிருந்து கால்நகம் வரை இஸ்திரி போட்டவன் மாதிரி இருந்தான். அவன் ஷூவில் முகம் பார்த்துத்தான் பிரேக் வாத்தியார் தன் மீசையைச் சரிசெய்துகொண்டார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்பது செகண்ட் எழுந்து உள்ளே நடந்தாள். அப்போதுதான், வெளிச்சத்தில், முதன்முதலாக, பிரேக் வாத்தியார் தன் மனைவியின் முதுகைப் பார்த்தார்.

காலருக்குக் கீழே இரண்டு அங்குலம் வாய் பிளந்திருந்தது. அந்த வாய்க்குள் சின்னச் சின்னப் பற்கள்.

மனைவியோடு நூறு மூட்டை மேடை உடை சுமந்தவர் அவர். அந்தப் பற்களைத் தெரியாதா? முழு முதுகும் வெல்க்ரோ! கையை நீட்டினால் கோட்டு இரண்டாகிவிடும். எல்லாம் அந்த நாற்பது கேள்வியால் வந்த வினை. வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

உள்ளே மூன்று பேர். நடுவில் மேலாளர், கொத்தவரங்காய் மாதிரி ஒல்லியான மனிதர். வலது கை முழங்கைக்கு மேலே வரை மாவுக்கட்டில், கழுத்திலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. கோட்டில் அந்தக் கை நுழையாததால் அதை இரண்டு தோளிலும் சும்மா போர்த்தியிருந்தார். இடது பக்கம் தலைமை நர்ஸ். வலது பக்கம், கோப்பும் கையுமாக, ஆளெடுப்புப் பிரிவின் கண்ணாடிக்காரர்.

அவர்கள் எதிரே, நடைவழிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள் நாற்பது செகண்ட்.

"நாடகத்துல வேலை பார்த்திருக்கீங்க" என்றார் கண்ணாடிக்காரர். "ஆஸ்பத்திரில என்ன செய்வீங்க?"

"துணி தைப்பேங்க" என்று அவள் அவருடைய மூன்றாவது பொத்தானிடம் சொன்னாள்.

வெளியே பிரேக் வாத்தியார் தலையில் கை வைத்தார். மிச்சத்தைச் சொல்லும்மா! பிச்சைக்காரன், ராஜா, நாற்பது செகண்ட்! ஒன்றும் வரவில்லை.

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர் வேலை பார்த்தாங்க?" இது தலைமை நர்ஸ்.

"நாலு பேர்." விரலைத் தூக்கிக் காட்டினாள்.

கிர்ர்ர்.

கண்ணாடிக்காரர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "எலி ஏதாவது வந்திருக்கா? போன வாரமே சொன்னேனே."

வெளியே, பிளவு நான்கு அங்குலம் ஆகிவிட்டதைப் பார்த்த பிரேக் வாத்தியார் எழுந்தார். கண்ணாடிச் சுவருக்கு அருகே போய், மனைவி திரும்பிப் பார்த்தால் தெரியட்டும் என்று, தன் முதுகைத் தானே தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவள் திரும்பவில்லை. தலைமை நர்ஸ்தான் பார்த்தாள். ஒரு பெரியவர் கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகைச் சொறிந்துகொண்டு தவிக்கிறார் என்று நினைத்தாளோ என்னவோ, மேஜை மணியை அழுத்தினாள். அரை நிமிஷத்தில் ஒரு சிப்பந்தி வந்து வாத்தியாரின் காதில் மரியாதையாகச் சொன்னார்:

"தோல் டாக்டர் மூணாவது மாடிங்க. லிப்ட் அந்தப் பக்கம்."

பிரேக் வாத்தியார் வந்து பெஞ்சில் விழுந்தார்.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். கேள்வி வரவர அவள் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. அவளுடைய கவனம் வேறெங்கோ இருந்தது. மேலாளரின் தோளிலிருந்து கோட்டு சரிந்து விழுந்தது. தலைமை நர்ஸ் எடுத்துப் போர்த்தினாள். மறுபடி சரிந்தது. அவரே இடது கையால் இழுத்துவிட்டு, வலியில் பல்லைக் கடித்தார். மூன்றாவது தடவையும் சரிந்தது. ஒவ்வொரு தடவையும் நாற்பது செகண்டின் விரல்கள் மடியில் துடித்தன. உடை ஒழுங்காக நிற்காத ஒரு மனிதர் எதிரே இருக்க, அவள் சும்மா உட்கார்ந்திருந்தது அதுவே முதல் தடவை.

கண்ணாடிக்காரர் கோப்பை மூடினார். மூடின விதத்திலேயே பதில் தெரிந்துவிட்டது. சிவப்பு நூலில் தைத்த "உதவியாள்" பிரேக் வாத்தியாரின் கண் முன்னால் வந்து ஆடியது.

"கடைசியா ஒரு கேள்விம்மா. உங்களை எதுக்காக எடுக்கணும்? ஒரே ஒரு காரணம் சொல்லுங்க."

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து மேலாளரின் கோட்டு நான்காவது தடவையாகச் சரிந்தது.

அது தரையைத் தொடவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அவளுடைய இரண்டு கைகளும் பாய்ந்து அந்தரத்திலேயே பிடித்துவிட்டன. பாய்ந்த வேகத்தில்,

சர்ர்ர்ர்ர்ர்ர்!

ஏழு மாடிக்கும் கேட்டிருக்கும். நீலக் கோட்டு நடு முதுகில் இரண்டாகப் பிளந்து, முன்பக்கமாகச் சரிந்து, இரண்டு கைகளிலும் தொங்கியது. பிரேக் வாத்தியார் மிதித்த மிதியில் பெஞ்சு, அதில் உட்கார்ந்திருந்த இஸ்திரிப் பையனோடு ஓர் அடி பின்னால் போயிற்று.

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. விழவும் விழுந்தது, அவள் கறுப்புச் சட்டைப் பையிலிருந்து.

எல்லாம் போச்சு என்று பிரேக் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். பத்தொன்பது வருஷமாக அந்தச் 'சர்ர்' சத்தம்தான் அவளுக்கு வேலை தொடங்கும் மணி. அது கேட்டால் அவளுக்குள் யாரோ எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்று, இரண்டு...

"எழுந்திருங்க சார்."

அந்தக் குரலைக் கேட்டு வாத்தியார் கண்ணைத் திறந்தார். அவருக்கே புதுக் குரல். மூன்று மணி நேர ராஜாக்களையும் ஒன்றரை மணி நேர மந்திரிகளையும் ஆட்டிவைத்த குரல். மேலாளர் எழுந்துவிட்டார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே தெரியாது.

"கையைத் தூக்காதீங்க. அப்படியே விடுங்க. தூக்கறது என் வேலை."

மேஜையைச் சுற்றி வந்தாள். நடை என்றா சொல்வது? கறுப்புச் சட்டையில் ஒரு வீச்சு. கண்ணாடிக்காரர் நாற்காலியோடு ஒதுங்கினார். பிடித்த கோட்டை மேஜையில் போட்டுவிட்டு, தன் நீலக் கோட்டை உதறினாள். அதன் வலது கையின் அடிப்பட்டையைப் பிரித்து, விரிந்த துணியை மாவுக்கட்டின் மேல் மெத்தென்று சாத்தி, அடியில் சேர்த்து அழுத்தினாள். இடது கையை முன்னாலிருந்து நுழைத்தாள். பின்னால் போனாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை உள்ளங்கையால் ஒரே தடவு. முதுகில் ஒரு தட்டு.

"போங்க!"

மேலாளர் ஜன்னலை நோக்கி நான்கு அடி எடுத்து வைத்து, மார்பை நிமிர்த்தி நின்றார். நாடகத்தில் வந்து நிற்பார்களே, அப்படி.

தலைமை நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாறு செகண்ட்" என்றாள் மெதுவாக.

மேலாளர் இடது பக்கம் திரும்பினார், வலது பக்கம் திரும்பினார். "வலிக்கவே இல்லையே" என்றார். சொன்னதை அவரே நம்பாமல் மறுபடி திரும்பிப் பார்த்துக்கொண்டார். "மூணு வாரமா காலைல சட்டை மாட்டறதுக்கு வீட்டுல மூணு பேர் வராங்க. நான் போடற சத்தத்துல எதிர் வீட்டு நாய் வேற வீடு பார்த்துப் போயிடுச்சு."

"எலும்பு வார்டுல முப்பத்திரண்டு பேர் இருக்காங்க" என்றாள் தலைமை நர்ஸ். "ஒவ்வொருத்தருக்கும் உடுப்பு மாத்தறதுக்குள்ள அவங்களும் அழறாங்க, எங்க பொண்ணுங்களும் அழறாங்க. கத்தரியால வெட்டித்தான் கழட்டறோம்."

கண்ணாடிக்காரர் மூடின கோப்பை மறுபடி திறந்தார். "அம்மா, இதைச் செஞ்சு காட்டணும்னே இப்படித் தச்சுப் போட்டுட்டு வந்தீங்களா? பிரமாதமான யோசனை."

வெளியே பிரேக் வாத்தியார் கண்ணாடியில் நெற்றி முட்டும்படி தலையை ஆட்டினார். ஆமான்னு சொல்லு! ஒரே ஒரு ஆமாம்! வேலை கையில் வந்து விழுந்துவிட்டது, பிடித்துக்கொள்!

நாற்பது செகண்ட் நிமிர்ந்தாள். இந்தத் தடவை அவள் பார்த்தது மூன்றாவது பொத்தானை அல்ல. கண்ணாடிக்காரரின் கண்ணாடியை, அதற்குப் பின்னால் இருந்த கண்ணை.

"இல்ல சார். இது தப்பு. நேத்து தைக்கறப்போ மனசு வேற எங்கயோ இருந்துச்சு, கை பழக்கத்துல பட்டையை ஒட்டிடுச்சு. பிரிஞ்சப்புறம்தான் எனக்கே தெரியும். கோட்டு நல்லா இருக்குன்னு காட்டத்தான் போட்டுட்டு வந்தேன்." ஒரு கணம் நிறுத்தினாள். "காரணம் கேட்டீங்களே சார், இப்ப சொல்றேன். அடிபட்ட கைக்கு முதல்ல மாட்டணும், நல்ல கைக்கு அப்புறம். கழட்டறப்போ நல்ல கை முதல்ல. மாத்திச் செஞ்சா வலிக்கும். காலுக்கும் அப்படித்தான். எங்க அரங்கத்துல ஒருத்தர் இடுப்பு எலும்பு விலகி ரெண்டு மாசம் நடிச்சார். தினம் ஆறு உடை. ஒரு நாள்கூட அவர் முகம் சுளிக்க நான் விடல. உங்க முப்பத்திரண்டு பேரையும் விட மாட்டேன்."

வாழ்நாளில் அவள் மூச்சுவிடாமல் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். தப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டாளே என்று தவித்த பிரேக் வாத்தியாருக்கு, பாதியிலேயே தவிப்பு மறந்துபோயிற்று. இந்த மனுஷியையா நாற்பது கேள்வி கேட்டுத் தயார்செய்ய நினைத்தோம் என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. பார்த்துக்கொண்டே நின்றார். வலது கால் சும்மா இருந்தது.

கண்ணாடிக்காரர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் அவருக்கும் எடுப்பாகத்தான் இருந்தது.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வர முடியுமா?" என்றாள் தலைமை நர்ஸ்.

"வரேங்க" என்றாள் நாற்பது செகண்ட், நேராக அவள் முகத்தைப் பார்த்து. பிறகு குனிந்து, தரையில் கிடந்த ஊசியைப் பொறுக்கிச் சட்டையில் குத்திக்கொண்டாள்.

அவள் வெளியே வந்தபோது நடைவழியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கறுப்புச் சட்டைதான். ஆனால் அன்றைக்கு யார் கண்ணுக்கும் அவள் தப்பவில்லை.

இஸ்திரிப் பையன், "உள்ள என்ன சார் கேக்கறாங்க?" என்று பிரேக் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டான்.

"கேள்வியெல்லாம் சுலபம்தான் தம்பி. ஆனா கோட்டு ரெண்டா வருதான்னு பார்க்கறாங்க" என்றார் பிரேக் வாத்தியார். பையன் தன் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் வாத்தியார் ஒப்புக்கொண்டார். "தப்பு உன்னோடது இல்லம்மா. நான்தான் கேள்வி கேட்டு உன் மனசைக் கலைச்சேன்."

"தெரியும். முப்பத்தெட்டாவது கேள்வி வரைக்கும் பொறுத்துக்கிட்டேன்." அவள் கையை நீட்டி, அவருடைய சட்டையில் தொங்கிய இரண்டாவது பொத்தானைப் பிடித்தாள். ஊசி நூலை எடுத்தாள். "ஆடாதீங்க."

பொத்தான் பாதி ஏறியிருக்கும், போன் அடித்தது. அக்கா. வாத்தியார் ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய், என்னடா ஆச்சு? அவ திங்கக்கிழமை வராளா இல்லையா?"

"வரலக்கா. வேலை கிடைச்சிடுச்சு. பொறுப்பாளர்."

"கிடைச்சிடுச்சா? நான் தந்த கோட்டைப் போட்டுக்கிட்டாளா?"

"இல்ல. அவளே தச்ச கோட்டு."

"அதையா? நல்லா இருந்துச்சா?"

"போறப்போ நல்லா இருந்துச்சு."

"வரப்போ?"

"வரப்போ மேலாளர் போட்டுக்கிட்டார்."

அக்கா வாயடைத்துப் போனதை இருவரும் முதன்முதலாகக் கேட்டார்கள். நாற்பது செகண்ட் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, வாத்தியாரின் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போங்க" என்றாள்.

அவர் காரைக் கிளப்பினார்.